பொற்கலையின் மூட்டு வலி

செம்மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தால் சங்கு ஊதும். ஊதிய உடனே பள்ளிப் பிள்ளைகள் பாடத்தைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள், சமையல்கூடத்து அடுப்புகள் தாமாக அணையும், கசிவுப் பிரிவு ஆட்கள் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். செவ்வாய்க் கிரகத்தில் மண்ணுக்கடியில் குடைந்து கட்டிய ஊர் அது. குடிக்கிற நீரும், விடுகிற மூச்சின் ஈரமும், கழிக்கிற சிறுநீரும் அங்கே ஒன்றுதான். சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தாக வேண்டும். சுவர்தோறும் பதித்திருந்த ஈரமானிகள் ஓயாமல் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. சங்கு ஊதினால் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைப்பதெல்லாம் பூமியோடு போன வழக்கம்.

கசிவுப் பிரிவின் தலைவி பொற்கலை. ஐம்பதை நெருங்கும் வயது, கட்டையான உடம்பு, குழாயில் காதை வைத்தால் எந்த இணைப்பில் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் திறமை. வாயும் கொஞ்சம் நீளம்தான். போன ஆண்டு சமையல்கூடத்துக் கண்காணி சொட்டுகிற குழாயில் துணியைச் சுற்றி, ஈரமானிக்குத் தெரியாமல் பல நாள் ஓட்டிவிட்டார். பொற்கலை அவரை எல்லோர் நடுவிலும் நிற்கவைத்துப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "துணியைச் சுத்தினா ஓட்டை அடைஞ்சிருமா? முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு வாஷரோட போயிருக்கும். இப்பப் பாருங்க, இணைப்பே அரிச்சுப் போச்சு." கண்காணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். செம்மேட்டில் திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள், கசிவை மறைத்தவனை மன்னிக்க மாட்டார்கள்.

அப்படி அவள் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், அவளுடைய வேலையுடுப்புக்குள்ளே நாலாக மடித்த துணி ஒன்று நனைந்துகொண்டிருந்தது.

அது மூன்றாவது பிரசவத்தில் தொடங்கியது. குடியேற்றம் நிலைக்க வேண்டுமே என்று வீட்டுக்கு மூன்று பிள்ளை என விதி வைத்திருந்தார்கள். பெற்றுக் கொடுத்தவளின் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை. மூன்றாவது பிள்ளை பெரிய பிள்ளை. வெகுநேரம் முக்க வேண்டியிருந்தது. பச்சை உடம்போடு அவள் குழாய் முடுக்கப் போனாள். முதலில் இருமினால் இரண்டு சொட்டு. பிறகு சிரித்தாலே சொட்டு. அதன் பிறகு, உள்ளே இருக்க வேண்டியது கீழே இறங்க ஆரம்பித்தது.

இதில் எடைக்கூடம் வேறு. செவ்வாயில் உடம்பின் கனம் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் எலும்பு கரைந்துவிடும். ஆகவே ஊரில் உள்ள அத்தனை பேரும் தினமும் காலையில் ஒரு பெரிய சுழல் உருளைக்குள் ஏறி, பூமியில் இருந்ததைவிடவும் கனமாகி, ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆண்கள் அங்கே ஊர்க்கதை பேசுவார்கள். மூன்று பெற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். பொற்கலைக்கு அடிவயிறே கழன்று விழுந்துவிடும்போல இருக்கும். நாளாக நாளாக, கொய்யாக்காய் அளவுக்குக் கர்ப்பப்பை வெளியே வந்தது. குளியலறையில் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போவாள். கணவன் அருள்நம்பியிடம் முதுகு வலி என்று சொல்லித் தனியே படுத்துக்கொண்டாள். தன் வீட்டுப் பக்கத்து ஈரமானிகளை மட்டும், சிறுநீரின் உப்பு ஈரம் பட்டால் சும்மா இருக்கும்படி அவளே திருத்தி வைத்திருந்தாள். அதற்கான திறவுகோல் அவளிடம்தானே இருந்தது.

அவள் மட்டும் இல்லை. பெண்களின் துவைப்பறையில் நாலாக மடித்த துணிகள் நிறையவே அலசப்பட்டன. யாரும் யாரையும் கேட்டதில்லை. வலி தாங்காமல் வேலைக்கு வராதவள் "மூட்டு வலி" என்பாள். கேட்ட மற்றவளும் "எனக்கும்தான்" என்பாள், பேச்சு முடிந்துவிடும். பாசித்தொட்டி பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா அப்படி மூட்டு வலி மூட்டு வலி என்றே சொல்லிக்கொண்டிருந்து, ஒருநாள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனாள். பூமியிலிருந்து கிளம்பும்போது ஒரு கைக்குட்டைக்குக்கூட எடை பார்த்தவர்கள், இந்தக் கூச்சத்தை எடை போடாமல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

சரக்குக் கப்பல் வந்து போன மறுநாள் பொற்கலைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. முந்தின நாளிலிருந்தே சிறுநீர் இறங்கவில்லை. விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் குத்தியெடுத்தது. ரெஜினாவும் கடைசி வாரத்தில் இப்படித்தான் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பது நினைவுக்கு வந்தபோது பொற்கலைக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. மருத்துவக் கூடத்துக்குக் கிளம்பினாள். எங்கே என்று கேட்ட கணவனிடம் மூட்டு வலி என்றாள். கூடத்து வாசலில், என்ன நோவு என்று உள்ளிருந்து கேட்ட குரலுக்கும் அதையே சொன்னாள்.

உள்ளே இருந்தது மருத்துவி. ஆறு கைகளும் ஒரு பெண்குரலும் கொண்ட இயந்திரம். செம்மேட்டின் ஒரே மருத்துவர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அந்தக் கைகள் பிறந்த குழந்தையின் நரம்பைக்கூடத் தைக்கும். அதற்குப் பழகு மனம் என்று ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். யாரோடு பழகுகிறதோ அவர்களுடைய பேச்சையும் பாங்கையும் அது தானே கற்றுக்கொள்ளும். பெண்குரல் கொடுத்திருந்ததால் இங்குள்ள பெண்களின் பாங்கே அதற்குப் படிந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அதைப் பிடிக்கும்.

பொற்கலை உண்மையைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. சொல்லிக்கூட முடிக்கவில்லை; உடுப்பைத் தளர்த்திப் படுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மருத்துவி மெதுவாகப் பார்த்தது. முதல் வேலையாகக் குழாய் வைத்துத் தேங்கிய நீரை இறக்கியது. வெளியே வந்த இடமெல்லாம் உரசிப் புண்ணாகியிருந்தது. நீர்ப்பாதை மடங்கி அடைத்துக்கொண்டதால் சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா, அடித்தசையை இறுக்குற பயிற்சியே போதும்க்கா. அப்புறமா வந்திருந்தாக்கூட, இறங்காம இருக்க உள்ளே ஒரு தாங்குவளையம் வச்சிருக்கலாம். இப்ப வளையம் நிக்காது. அறுவை செஞ்சு மேலே தூக்கித் தைக்கணும். இந்தக் குழாயை வச்சுக்கிட்டுச் சில மாசம் தள்ளலாம், அதுக்கு மேல சிறுநீரகம் தாங்காது."

பொற்கலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை ஆண்டு சுமந்ததை இறக்கிவைத்துவிட்ட நிம்மதி அவளுக்கு. "சரி, செஞ்சிடு" என்றாள்.

மருத்துவியின் ஆறு கைகளும் அந்தரத்தில் அப்படியே நின்றன. அந்த அமைதியில்தான் பொற்கலையின் காதுக்கு அது கேட்டது. மிக மெல்லிய, ஈரமான ஒரு சத்தம். எத்தனையோ குழாய்களில் கேட்டுப் பழகிய சத்தம். எழுந்து, தனக்கு வைத்திருந்த சிறுநீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தின் அடிப்பக்கம் குனிந்தாள். மருத்துவி நகர்ந்துகொள்ளப் பார்த்தது. அவள் விடாமல் அடிமூடியைக் கழற்றினாள்.

உள்ளே, எண்ணெய்ப் பம்பின் அடியில், நாலாக மடித்த துணி ஒன்று இருந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் மாற்றுவதற்கென்று இன்னொன்றும் அலசிக் காயவைத்து, அழகாக மடித்து வைத்திருந்தது.

பொற்கலை கறுத்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எத்தனை நாளா இப்படி?"

"ரெஜினா அக்கா போறதுக்கு முன்னாடியிருந்து."

"ஏன் சொல்லலை?"

"இதையெல்லாம் போய் எப்படிக்கா சொல்றது" என்றது மருத்துவி. "எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு நினைச்சேன். வேலையும் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

ரெஜினாவும் இங்கே வந்தாளா என்று பொற்கலை கேட்டாள். வந்தாளாம். எண்ணெய் அழுத்தம் குறைந்து தன் கை நடுங்குகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, மருத்துவி அவளுக்குக் கஷாயமும் தைலமும் கொடுத்து அனுப்பியதாம். அவளும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாளாம்.

பொற்கலைக்கு வந்த கோபத்தில் அந்த இயந்திரத்தை நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். துணியை வச்சா அடைஞ்சிருமா, முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு வாஷரோட போயிருக்குமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. எங்கே போனாலும் கூடவே வரும் கருவிப்பையைத் திறந்து, ரப்பர்த் தகட்டில் ஒரு வாஷர் வெட்டி மாட்டினாள். சொட்டுவது நின்றது. ஆனால் மருத்துவி ஊசியைப் பிடித்துக் காட்டியபோது கை ஒரு நகக்கண் அளவுக்கு ஆடியது. கட்டுப் போடலாம், ஊசி போடலாம்; வயிற்றுக்குள் தைக்க முடியாது. அதற்குரிய அசல் வாஷர் வேண்டும். அது கப்பலில் இருந்தது. கப்பல்காரர்கள் ஏதாவது உதிரிப்பாகம் வேண்டுமா என்று கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மருத்துவி சொல்லி அனுப்பிவிட்டது.

இதற்குள் சங்கு ஊதிவிட்டது. மூடியைத் திறந்ததும் சிந்திய எண்ணெய் ஈரமானிக்கு எட்டியிருந்தது. கூடத்தில் கூட்டம் கூடியது. கணவன் வந்தான், அவளுடைய பிரிவு ஆட்கள் வந்தார்கள், துவைப்பறைப் பெண்கள் வந்து ஓரமாக நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஊர் நிர்வாகி சேந்தன் வந்தான். அவன் பொற்கலையின் மூத்த மகளைக் கட்டியவன். அவனைக் கண்டதும் அவள் குழாயை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு, கதவின் பின்னால் பாதி ஒதுங்கி நின்றாள்.

விஷயத்தைக் கேட்டுச் சேந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரே மருத்துவர், அதுவும் இப்படி. கப்பல் இன்னும் கிரகத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மாலையில் பூமிப் பாதையில் திரும்பிவிட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு ஆண்டு ஆகும். அங்கேயே நின்று கப்பல் தலைவரோடு தொலைத்தொடர்பில் பேசினான், இருவர் பேச்சும் அறை முழுக்கக் கேட்டது. உயிருக்கு ஆபத்தான நோயாளி இருந்தால் மட்டும் இறங்க முடியும், என்ன நோய் என்று சொல்ல வேண்டும் என்றார் தலைவர். சேந்தன் மருத்துவியைப் பார்த்தான்.

"அறுவைக்கு யாராவது காத்திருக்காங்களா?"

நோயாளி வெளியே சொல்லாததை மருத்துவி சொல்லக்கூடாது என்பது சட்டம். "இன்னைக்கு வந்தவங்க ஒருத்தர்தான். மூட்டு வலின்னு சொல்லிட்டு வந்தாங்க" என்றது. அதன் கண்விளக்குகள் கதவுப்பக்கம் திரும்பின. கூட்டமும் திரும்பியது.

"அத்தை, மூட்டு வலி மட்டும்தானா? வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. கப்பலைத் திருப்பிரலாம்" என்றான் சேந்தன்.

திருப்புவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, தங்கமான பிள்ளை. திருப்புவதற்கு அவன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்களுக்கு நடுவில், மாப்பிள்ளை தன் மாமியாரின் எந்த உறுப்பு எங்கே இறங்கிக் கிடக்கிறது என்று கப்பல்காரனுக்குச் சொல்ல வேண்டும். அந்த இடத்தின் பெயரை அவளே வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரெஜினாவை நினைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். துவைப்பறைப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூட்டு வலிதான் மாப்பிள்ளை. தைலம் தேச்சா சரியாப் போயிரும்."

சேந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, நீங்கள் போகலாம் என்று கப்பலுக்குச் சொல்லிவிட்டான். பிறகு மருத்துவியின் பக்கம் திரும்பி, இதையெல்லாம் மறைக்கலாமா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிற்றே, இயந்திரம்தானே நீ, உனக்கென்ன வெட்கம் என்று கடிந்துகொண்டான். இனிமேல் செம்மேட்டிலுள்ள ஒவ்வொரு இயந்திரத்தையும் வாரந்தோறும் அடிமூடி திறந்து பார்க்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டான். கசிவைக் கண்டுபிடித்ததற்காக எல்லோரும் பொற்கலைக்குக் கைதட்டினார்கள். ஓரமாக நின்ற பெண்களும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மருத்துவி அவளுடைய குழாயைச் சரிசெய்து, காயவைத்து நாலாக மடித்திருந்த தன்னுடைய துணியை எடுத்து நீட்டியது. பொற்கலை அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா சொல்லலை?" என்று கேட்டது.

பொற்கலை உடுப்பை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "விடு. ஒண்ணுமில்ல" என்றாள்.

சமையல்கூடத்துப் பக்கம் மறுபடி சங்கு ஊதியது. எங்கோ ஒரு குழாயில் ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும். கருவிப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஓடினாள்.