கணிப்புக்கு எட்டாத வளாகம்

மிதுனாவுக்கு இருமல் தொடங்குவதற்கு முன்பே இருமல் மருந்து வந்துவிட்டது. காலையில் சமையலறைச் சுவரிலிருந்த வரத்துப்பெட்டியைத் திறந்தபோது, பாலுக்கும் தக்காளிக்கும் நடுவே அந்தச் சின்ன சீசா நின்றிருந்தது.

"யாருக்கும்மா?" என்றாள் மகள் இதழினி.

"தெரியல கண்ணு. மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுரும்."

அலுவலகப் படி ஏறும்போது தொண்டை கரகரத்தது. மிதுனா கைப்பையைத் திறந்து ஒரு மடக்கு குடித்துக்கொண்டாள்.

இதில் யாரும் ஆச்சரியப்படுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை துடிப்பையும் குரலையும் தூக்கத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். எங்கோ இருக்கும் கணிப்பான் அதையெல்லாம் கோத்துப் பார்த்து, ஒருவருக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்பதை அவருக்கு முன்பே தெரிந்துகொள்ளும். ஆசை எழும்போது பொருள் பெட்டியில் இருக்கும். இதழினி பிறந்ததிலிருந்து எதையும் கேட்டு அடம்பிடித்ததில்லை. கேட்கும்படி நேர்ந்ததே இல்லை.

கேட்பது நின்றதும் கடைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நீலாம்பூர் தாண்டிப் புறவழிச்சாலை ஓரமாக இருந்த மகரம் வளாகத்துக்கு மிதுனா மேலாளர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ஜனங்கள் சண்டை போட்ட இடம் அது. இப்போது நகரும் படிக்கட்டுகள் நகர்வதை நிறுத்திவிட்டன. திரையரங்கின் வாசலில் சங்கிலி தொங்கியது. நடுக்கூடத்தின் உச்சியில் புறாக்கள் குடியிருந்தன. மிச்சமிருந்தவை ஒரு சேலைக்கடை, ரெஹானாவின் பரிசுப்பொருள் கடை, இரண்டாம் தளத்தில் ஒரு பல் மருத்துவமனை. பல்லைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாததால் அது மட்டும் நன்றாக ஓடியது.

வளாகத்தின் உரிமையாளர் சிவப்பிரகாசம் ஆடி மாதத்தில் ஒருநாள் நேரில் வந்தார். அண்ணாந்து புறாக்களைப் பார்த்தபடி, "ஏம்மா மிதுனா, பொங்கல் வரைக்கும் ஓட்டிப் பாரு. அப்புறம் கிடங்குக்குக் கேக்கறவங்களுக்கே குடுத்துடலாம்" என்றார்.

"இங்க இருக்கறவங்க எங்கீங்க சார் போவாங்க?"

"அவங்களுக்குப் போக ஓர் இடத்தைக் கணிப்பான் பாத்து வச்சிருக்கும்" என்றார் அவர். கேலியாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. பல் வலியோடு வந்த ஒரு பெண்மணி, தன் முறை வரும்வரை பொழுது போகாமல் ரெஹானாவின் கடைக்குள் நுழைந்தார். ரெஹானா கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு பெட்டியின் மேலே, ரப்பர் உருண்டை வைத்த பழைய பித்தளை ஊதுகுழல் ஒன்று கிடந்தது. வண்டிகளில் மாட்டி அமுக்கினால் 'பாம்' என்று அலறும் வகை. அந்த அம்மாள் அதை எடுத்து ஒருமுறை அமுக்கினார். புறாக்கள் எல்லாம் பறந்தன. அவர் வீங்கிய கன்னத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இது எனக்கு வேணும்னு எனக்கே தெரியாதுங்க" என்றார், சத்தம் கேட்டு ஓடிவந்த மிதுனாவிடம். "எங்கிட்ட வண்டிகூட இல்லீங்க!"

அவர் கையிலிருந்த நாடிப்பட்டை விளக்கில்லாமல் கருத்துக் கிடந்ததை மிதுனா கவனித்தாள். தன் பட்டையைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். கூரைக்கு மேல் வெயிலுக்காக எப்போதோ அடுக்கடுக்காகப் போட்ட உலோகத் தகடுகளும் பழங்காலத்துத் தடிச்சுவர்களும் சேர்ந்து அலைகளை மறித்துக்கொண்டிருந்தன. பல வருடங்களாக இந்தக் கட்டடத்துக்குள் பட்டைகள் செத்துத்தான் கிடந்திருக்கின்றன. கணிப்பானுக்கு இந்த இடம் எட்டுவதில்லை என்பதை யாரும் கவனித்ததே இல்லை.

ஆவணி பிறந்ததும் சாலையோரம் ஒரு பலகை நட்டாள்: 'உள்ளே வாருங்கள். இங்கே உங்களை யாருக்கும் தெரியாது.'

முதல் ஞாயிறு வந்தவர்களில் பாதிப் பேர் பல் மருத்துவருக்குத் தெரிந்தவர்கள். அடுத்த ஞாயிறு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அதற்கடுத்து, வண்டிகள் சாலை வரைக்கும் நின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தப்பட்டை வாங்கிக்கொண்டு போனார். ஒரு கல்லூரிப் பெண் இரண்டு வெவ்வேறு செருப்புகளை ஜோடியாகப் போட்டுக்கொண்டு, பெரிய குற்றம் ஒன்றைச் செய்தவள்போல் சிவந்து சிரித்தாள். வாங்கிய பொருளைவிட, 'எனக்கு இது வேணும்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்குத்தான் ஜனங்கள் வந்தார்கள். மூடிய கடைகள் திறந்தன. நகரும் படிக்கட்டு முனகிக்கொண்டு நகர ஆரம்பித்தது. மிதுனா தினமும் ஒவ்வொரு தளமாக நடந்து பார்த்தாள். பிழைத்துவிட்டோம் என்று தோன்றியது.

தீபாவளி நெருங்கியபோதுதான் சிக்கல் தலைகாட்டியது.

அதுவரை தீபாவளிக்குப் பரிசு கொடுப்பதையும் கணிப்பானே பார்த்துக்கொண்டது. கணவன் பெயரில் மனைவியின் பெட்டிக்குச் சேலை போய்விடும். 'உங்கள் சார்பில் அன்பளிப்பு அனுப்பப்பட்டது' என்று கணவனுக்குச் செய்தி வரும். இந்த வருடம், இப்படி ஒரு வளாகம் இருக்கும்போது, தங்கள் கையால் எடுத்துக் கொடுக்கலாமே என்று பலருக்கு ஆசை வந்தது. சாரிசாரியாக வந்தார்கள். வந்தவர்கள் கடைகளுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டார்கள்.

சேலைக்கடையில் பூபதி என்ற ஒருவரிடம் விற்பனைப் பெண் கேட்டுக்கொண்டிருந்ததை மிதுனா கேட்டாள்.

"என்ன கலருங்க எடுத்துப் போடட்டும்?"

"என் சம்சாரத்துக்குப் பிடிச்ச கலருங்க."

"அதான், என்ன கலருங்க?"

அடுக்கி வைத்த சேலைகளை அவர் கடைசி வரை பார்த்தார். பிறகு வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மிதுனா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க." குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே வீட்டுல இருக்கறோம். அவ சமைக்கையில ஒரு பாட்டு முணுமுணுப்பாளுங்க. என்ன பாட்டுன்னு கேக்கலாம்னு நெனைப்பேன். அதுக்குள்ள அந்தப் பாட்டே வீட்டுல ஓட ஆரம்பிச்சுரும். நான் கேக்கவே இல்லீங்க."

பூபதி எழுந்து வாசலைத் தாண்டி வெளியே போனார். வண்டிகளுக்கு நடுவே நின்று நாடிப்பட்டையை வாயருகே பிடித்து ஏதோ கேட்டார். ஒரு குடும்பத்தில் உள்ளவர்களைப் பற்றி ஒருவர் கேட்டால் கணிப்பான் சொல்லும். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"வெங்காயக் கலருங்க" என்றார் விற்பனைப் பெண்ணிடம். "கரை சின்னதா இருக்கோணும்."

அதைப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள். மகனுக்கு எடுக்க வந்த அப்பாக்கள், மாமியாருக்கு எடுக்க வந்த மருமகள்கள், பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்த அக்கா தங்கைகள். உள்ளே வந்து பார்ப்பார்கள், திகைப்பார்கள், வெளியே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். வெளியே போகக் கூச்சப்பட்டவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு தம்பதி உணவுக்கூடத்தின் நடுவில் நின்று, "அப்ப என்னைப் பத்தி உனக்கு என்னதான் தெரியும்?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். கூடமே அவர்களைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே கேட்கப் போனவர்கள் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மழையில் நின்று, இரைச்சலில் பதில் காதில் விழாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மிதுனாவுக்குப் பொறுக்கவில்லை. மேசைத் தொலைபேசியில் சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டாள்.

"வாசல்ல ஒரு சின்ன மாடம் வச்சிரலாமுங்க சார். மேல தகட்டை மட்டும் வெட்டிவிட்டா அங்க அலை வரும். ஜனங்க நனையாம கேட்டுக்குவாங்க."

"இது நல்ல யோசனையாச்சே!" என்றார் அவர். கணிப்பானை நடத்தும் நிறுவனம் மறுநாளே ஆள் அனுப்பியது. அவர்களே கட்டிக் கொடுத்தார்கள்; வாடகையும் தருவதாகச் சொன்னார்கள். கண்ணாடிச் சுவரும் மெத்தை இருக்கையுமாகக் கேள்விமாடம் எழுந்தது.

தீபாவளி வியாபாரம் அமோகமாக நடந்தது. கிடங்குப் பேச்சைச் சிவப்பிரகாசம் கைவிட்டார். ரெஹானா மிதுனாவைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உங்களாலதான் மேடம்" என்றாள். ஆனால் கார்த்திகை பிறந்தபோது அவளே வந்து சொன்னாள்: "மேடம், இப்பெல்லாம் யாரும் கடையைச் சுத்திப் பாக்கறதில்ல. நேரா வர்றாங்க, ஒரு பொருளைக் காட்றாங்க, எடுத்துட்டுப் போயிடறாங்க. அவங்கவங்களுக்கு வாங்கறதுக்குக்கூட மாடத்துல கேட்டுட்டுத்தான் வர்றாங்க."

"வியாபாரம் ஆகுதில்ல?"

"அது ஆகுது மேடம்" என்றாள் ரெஹானா. வாசலிலிருந்த மாடத்து வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு போனாள்.

மாடத்தின் வரிசை எந்தக் கடையின் வரிசையையும்விட நீளமாக இருந்தது. மிதுனா அதைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். இதழினியின் பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு பரிசையாவது யாரையும் கேட்காமல் எடுப்பது என்று முடிவு செய்தாள். நான்கு தளங்களிலும் ஏறி இறங்கினாள். வண்ணப்பெட்டியை எடுத்தாள், வைத்தாள். சட்டையை எடுத்தாள், வைத்தாள். மகள் குப்புறப் படுத்துத் தூங்குவாள் என்று தெரியும். பாலில் ஆடையை ஒதுக்குவாள் என்று தெரியும். எதற்கு ஏங்குவாள் என்று தெரியவில்லை. ஆசை அந்த முகத்தில் தெரியும் அளவுக்கு ஒருநாளும் நீடித்ததில்லை. அதற்குள் பெட்டி திறந்துவிடும். பார்த்து வளர்க்க வேண்டிய எதையோ பார்க்காமலே விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மகளையே கூட்டி வந்தாள். ரெஹானாவின் கடையில் நிறுத்தி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கண்ணு, உனக்கு என்ன வேணும்? எது வேணும்னாலும் சொல்லு."

இதழினி சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஏம்மா இப்படிக் கேக்கறே?"

"சும்மாதான். உன் பிறந்தநாளுக்கு."

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"ஐயோ, இல்ல கண்ணு! உனக்கு என்ன பிடிக்கும்னு அம்மா தெரிஞ்சுக்கலாம்னு..."

"உனக்குத் தெரியாதா?" என்றாள் இதழினி. "தெரியாதவங்கதானம்மா அப்படிக் கேப்பாங்க. பஸ்ல, புதுசா வந்த டீச்சர், அவங்கெல்லாம். வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் யாரோட அம்மாவும் கேட்டதில்ல."

மிதுனா குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். கேட்பதுதான் அன்பு என்று சொல்ல நினைத்தாள். அதை நம்புவதற்கு இந்தப் பெண்ணுக்கு எந்தக் காரணமும் தான் கொடுத்ததில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. "சரி, நீயே சுத்திப் பாரு. அவசரமில்ல" என்று மட்டும் சொன்னாள்.

இதழினி பார்த்தாள். நேர்மையாகவே முயன்றாள். ஓர் அலமாரியிலிருந்து அடுத்ததற்குப் போனாள். ஒரு கண்ணாடி யானையைத் தொட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அவள் நெற்றி வியர்த்தது. பொம்மைகளும் புட்டிகளும் சுற்றி நின்று அவளிடம் விடை கேட்பதுபோல் இருந்தன. மூச்சு வேகமாக வாங்கியது.

"அம்மா, ஒரே நிமிஷம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். எங்கே என்று மிதுனா கேட்கவில்லை. கடையின் கண்ணாடிச் சுவர் வழியே, மாடத்து வரிசையில் நின்ற மகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். அவள் போகவில்லை.

திரும்பி வந்தபோது இதழினியின் முகம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கண்கள் மின்னின.

"மவுத் ஆர்கன்மா! எனக்கு மவுத் ஆர்கன்தான் வேணுமாம்!"

ரெஹானா மேல்தட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். இதழினி அதை உதட்டில் வைத்து ஊதினாள். முதலில் சீறல், பிறகு ஒரு சுரம், அதற்குப் பக்கத்துச் சுரம். தன் மூச்சு சத்தமாக மாறியதை நம்ப முடியாமல் கண்ணை விரித்தாள். அந்த மகிழ்ச்சியில் ஏதாவது பொய் இருக்கிறதா என்று மிதுனா கூர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. முழு மகிழ்ச்சி. பெண் அதற்காகவே பிறந்தவள்போல் ஊதினாள்.

கூடம் வழக்கம்போல் நிரம்பி வழிந்தது. பைகளோடு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆவணியிலிருந்து எத்தனையோ முறை இந்தக் கடைகளையெல்லாம் சுற்றியும், தனக்கென்று ஒரு பொருளைக்கூட எடுக்கத் தோன்றாமல் போனதை மிதுனா அப்போதுதான் உணர்ந்தாள்.

இதழினி ஊதுவதை நிறுத்திவிட்டு அருகில் வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, ரகசியம் சொல்வதுபோல் எக்கி நின்றாள்.

"அம்மா, உனக்கும் கேட்டுட்டு வந்துட்டேன். என்ன வேணுமாம்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல மிதுனா வாயைத் திறந்தாள். மகள் காத்திருந்தாள். அம்மாவுக்குக் கொடுக்க ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கும் பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

"சொல்லு கண்ணு" என்றாள் மிதுனா.