நட்சத்திரம் வாங்கிய ரத்தம்

ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். அவருக்கு எதிலும் தான்தான் முதலில் வர வேண்டும். மாடிப்படி ஏறும்போதுகூடப் பின்னால் வருபவரை முந்த விட மாட்டார். அப்படிப்பட்டவர் கையில் ரத்தப் பரிசோதனை முடிவு கிடைத்தால் சும்மா இருப்பாரா?

பணிமனையில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு கைக்கு வந்ததும் மனிதர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே எதிர்வீட்டு மீசைக்காரரின் கதவைத் தட்டினார். அவரும் அதே பணிமனைதான்.

“வெள்ளை அணு உங்களுக்கு எவ்வளவு?”

“ஏழாயிரம்.”

“அவ்வளவுதானா? எனக்குப் பதினஞ்சாயிரம்! பக்கத்துல நட்சத்திரம் வேற போட்டிருக்காங்க, பாருங்க!”

மீசைக்காரரின் முகம் தொங்கிவிட்டது. “நான் தினமும் நடக்கிறேனே...” என்று முனகினார்.

“நடக்கிறது டீக்கடை வரைக்கும்தானே!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

ஓட்டுநரின் மகள் துருவி இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பட்டப்பெயர் அது. வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு சண்டை போடுபவை என்று அவள் வகுப்பில் படித்திருந்தாள். சண்டையே இல்லாத உடம்பில் இத்தனை பேருக்கு என்ன வேலை?

அங்கேயே கேட்டால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். வீட்டுக்கு வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது லேசான காரியமல்ல.

“அப்பா, நம்ம தெருவுல பத்து போலீஸ் வண்டி வந்து நின்னா என்ன அர்த்தம்?”

“எவனோ திருடன் புகுந்துட்டான்னு அர்த்தம்.”

“உங்க உடம்புலயும் அப்படித்தான் வந்து நிக்குது. திருடன் எங்கேப்பா?”

“திருடனாவது கிருடனாவது! நான் கல்லு மாதிரி இருக்கேன்!”

துருவி ஓர் ஆப்பிளை நீட்டினாள். “அப்போ இதைக் கடிங்க.”

கல்லு மாதிரி இருந்தவர் ஆப்பிளைப் பார்த்து மிரண்டார். “பசிக்கலைம்மா.”

“ரெண்டு நாளா ரொட்டியைப் பால்ல ஊற வெச்சுத்தானே சாப்பிடறீங்க? வலது கன்னம் வேற வீங்கியிருக்கு.”

“தலையணை அழுத்திடுச்சு.”

“அழுத்தினா உள்ளே போகணும். இது வெளியே வந்திருக்கே!”

அப்பாவின் குரல் எலிக்குஞ்சின் குரலாகிவிட்டது. “கடைவாய்ப் பல்லு. உயிர் போகுது. ஆனா, பல் டாக்டர் ஊசி போடுவாரே!”

அவ்வளவு பெரிய பேருந்தைச் சந்துக்குள் வளைத்துத் திருப்புகிறவருக்கு ஒரு சின்ன ஊசியிடம் பயம்! துருவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“நான் கூட வரேன்ப்பா. என் கையைப் பிடிச்சுக்கோங்க.”

பல் டாக்டர் வாய்க்குள் பார்த்தார். முடிவுத் தாளையும் பார்த்தார். “நல்லவேளை வந்தீங்க. வேருல சீழ் கட்டியிருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஆபத்து. இந்த நட்சத்திரம் பரிசு இல்லைங்க, எச்சரிக்கை! அளவு தாண்டினா போடுவாங்க. பல்லை எடுத்து, மருந்தும் சாப்பிட்டா எண்ணிக்கை இறங்கிடும்.”

“இறங்கிடுமா?” அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பல் வெளியே வந்தது. பஞ்சைக் கடித்தபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த அப்பா, வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம், “வலிக்கவே இல்லை!” என்றார்.

எல்லோரும் சந்தேகமாகத் துருவியைப் பார்த்தார்கள்.

நசுங்கிச் சிவந்திருந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஆமா, கொஞ்சம்கூட வலிக்கலை!” என்றாள் அவள்.