எதையும் நினைவில் வைக்காத பெட்டி

வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டதும் அவள் முதலில் பார்த்தது சன்னல்களைத்தான். பழைய வீடு. முன்னால் ஓர் அறை, நடுவில் கூடம், கடைசியில் சமையலறை, அதை ஒட்டினாற்போல் குளியலறை. சுவர்களெல்லாம் கை வைத்தால் உதிர்ந்தன. பின்சன்னல் கம்பிகள் மட்டும் புதுசு. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

"முன்னாடி யாரு சார் இருந்தாங்க?"

"ஒரு அம்மா. தனியாத்தான் இருந்தாங்க. திடீர்னு போயிட்டாங்க."

அவளுக்கு அந்தப் பதிலில் குறையொன்றும் தெரியவில்லை. அவளும் அப்படித் திடீரென்று கிளம்பி வந்தவள்தான்.

பல்செட் செய்வது அவள் தொழில். இரண்டு மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக அடுக்கிக் கொடுப்பாள். முன்னறை மேசையில் யார் யாருடைய வாயோ வரிசையாகத் திறந்து கிடக்கும். "உன் வீட்டுக்கு வந்தா எல்லாரும் என்னையே பாத்துச் சிரிக்கிறாங்கடி" என்பாள் அக்கா.

அந்த முகவரி தெரிந்த ஒரே ஆள் அக்காதான். இரண்டு சாவிகளில் ஒன்றும் அவளிடம்தான் இருந்தது. "ஆத்திர அவசரத்துக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா போனபிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா. அவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

கணவனிடமிருந்து கிளம்பப்போவதைக் கிளம்பும்வரை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக் கணினியில் ஒரே ஒரு நாள் தேடினாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு, சாமான் ஏற்றிப்போகும் வண்டி, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் தன் செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விளம்பரமாகப் படித்தான். ஒற்றையறை வீடுகள். பெண்களுக்குப் பாதுகாப்பான குடியிருப்புகள். வீடு மாற்ற வண்டி. படித்து முடித்துவிட்டு, "யாருக்கும்மா இதெல்லாம்?" என்று சிரித்தான். அதற்கப்புறம் நடந்ததில் அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் இன்றும் சரியாக மடங்காது.

புது வீட்டுத் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கார அம்மாளிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னாள்.

"யாரும் வேணும்னு போட்டுக் குடுக்கலம்மா. ரெண்டு பேரும் ஒரே கணக்குல இருந்திருப்பீங்க. நீ தேடினது அவர் போன்ல விளம்பரமா வந்து நின்னிருக்கு. ஆளை நினைவு வச்சுக்கிட்டு விளம்பரம் காட்டுறதுதான் அதுக்குப் பொழப்பே."

"அப்ப எதுல தேடறது?"

அந்த அம்மாள் அவள் செல்போனை வாங்கி, எல்லோரும் பயன்படுத்தும் தேடுபொறியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தாள். "இது பேரு கேக்காது. நீ என்ன தேடினன்னு வச்சுக்காது. உன் பின்னாடியே வராது. ஆனா வசதி கொஞ்சம் கம்மி. பக்கத்துல இருக்கற கடை வேணும்னா நீயே தெரு பேரோட அடிக்கணும்."

"என்னை மறந்துட்டாப் போதும்" என்றாள் அவள்.

வெள்ளைத் திரை. நடுவில் ஒரு பெட்டி. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நாங்கள் எதையும் நினைவில் வைப்பதில்லை.

அன்றிலிருந்து மனதில் கிடந்ததையெல்லாம் அந்தப் பெட்டியில்தான் கொட்டினாள். விவாகரத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும்? தூங்கி எழுந்தால் தாடை ஏன் இறுகிக்கிடக்கிறது? ஒருவரை வெறுப்பதும் அவருக்குப் பயப்படுவதும் ஒன்றா? கேட்டுவிட்டு மூடுவாள். திரும்பத் திறந்தால் பெட்டி காலியாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்க்கும்போது நெஞ்சு லேசாகும்.

மூன்றாவது வாரம், மத்தியானம் மூன்று மணி. வெயில் சன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. பின்பற்களை அடுக்குவதில் ஒரு சந்தேகம். 'பின்' என்று தட்டியவுடன் பெட்டிக்குக் கீழே ஒரு வரி விழுந்தது.

பின்சன்னலுக்குக் கம்பி போட யாரைக் கூப்பிடுவது

அவள் திரும்பிப் பின்சன்னலைப் பார்த்தாள். புதுக்கம்பிகள் வெயிலில் பளபளத்தன. யாராவது தேடியிருப்பார்கள், நமக்கென்ன என்று வேலையைப் பார்த்தாள்.

மறுநாளும் அதே நேரம். பிளாஸ்டரில் குமிழி வராமலிருக்க வழி தேடிக் 'கு' என்று ஓர் எழுத்துதான் தட்டினாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் என்ன செய்வது

எழுந்து போய்ப் பார்த்தாள். தனியாக இருப்பவள் தாழிட்டுக் குளிப்பதில்லை; இத்தனை நாள் கவனிக்கவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருந்தது. உள்பக்கம் மரத்தில் நான்கு சின்னத் துளைகள். யாரோ ஒரு தாழ்ப்பாள் வைக்க அளவெடுத்து, துளை போட்டு, பாதியில் விட்டிருந்தார்கள்.

உள்ளே ஈரத்தலை வாசனை அடித்தது.

அவள் காலையில் குளித்தது. தலைக்கு ஊற்றவுமில்லை. தரை காய்ந்து கிடந்தது.

கடைக்கார அம்மாளிடம் ஓடினாள். "கீழ வர்றதெல்லாம் எல்லாரும் தேடறதும்மா, உன்னோடது இல்ல" என்றாள் அந்த அம்மாள்.

"என் வீட்டுத் தாழ்ப்பாள் எல்லாருக்கும் எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பரிந்துரை வரும் வசதியையே நிறுத்திக் கொடுத்தாள். "இனிமே ஒரு வரிகூட வராது. வந்தா என் கடையை மூடிடறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். ஓர் எழுத்தும் தட்டவில்லை. விரல் இன்னும் திரையில் படவேயில்லை.

கூடப்பிறந்தவளே காட்டிக்கொடுப்பாளா

செல்போனைக் கட்டில்மேல் வீசினாள். பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. ஒன்று காட்டிக்கொடுத்தது என்று இன்னொன்றிடம் வந்தால், இதுவும் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. கேட்டதோடு நிற்காமல் அக்காவைப் பற்றியே மூட்டிவிடுகிறது. பழையதாவது ஊரறிய விற்றது. இது மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வேலையைக் காட்டுகிறதே! நம்பிக் கெட்டோம் என்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

அழுது ஓய்ந்து, செல்போனை எடுத்துத் தட்டினாள்: யார் நீ?

முடிவுகள் எதுவும் இல்லை என்றது திரை. பிறகு அந்த எழுத்துகள் மங்கி, பெட்டிக்குள்ளேயே வேறு எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தட்டத் தெரியாதவர் தட்டுவதுபோல, நிறுத்தி, நிறுத்தி.

அவள் குளிக்கச் சொன்னால்

அதோடு நின்றுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். பை நிறையத் துவைத்த துணி கொண்டுவந்திருந்தாள். வழக்கமாகப் பிளாஸ்டர் பற்களைப் பார்த்துக் கேலி செய்பவள் அன்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. உட்காராமல் நின்றபடியே, "ஏன்டி இப்படி வேர்த்து வழியற? போய் ஒரு குளியல் போட்டுட்டு வா. நான் டீ வைக்கிறேன்" என்றாள்.

அவள் கை தானாக மேசைமேலிருந்த செல்போனை எடுத்துக்கொண்டது.

"அப்புறமா குளிக்கிறேன்க்கா."

"சொன்னாக் கேளு. போ. போனை இங்கயே வச்சிட்டுப் போ, நனைஞ்சிடும்."

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கண் அவள்மேல் இல்லை. வாசற்கதவில் இருந்தது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குளியலறையைத் திறந்து பார்த்தாள். கவிழ்த்துவைத்த வாளி, காய்ந்த தரை. உள்ளே போகவில்லை. கதவை மட்டும் சத்தம் கேட்கச் சாத்திவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும்.

குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மக்கில் மொண்டு, தோளில் ஊற்றி, மறுபடி மொண்டு. நிதானமாக, வீட்டில் இருக்கிற பெண் குளிப்பதுபோல.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் சாவி திரும்பியது. வருகிற செருப்புச் சத்தத்தை எத்தனை வருடம் கேட்டிருக்கிறாள்! கதவிடுக்கில் கணவனின் சட்டை தெரிந்தது.

"குளிக்கிறா" என்று அக்கா கிசுகிசுத்தாள். "பேசணும்னுதான் சொன்னீங்க. பேசிட்டு மட்டும் போயிடுங்க."

"நீங்க வெளிய போய் நில்லுங்க."

போக மாட்டாள் என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு நொடி அப்படித்தான் நம்பினாள். அக்கா குனிந்து, சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கணவன் அவளைக் கூப்பிடவில்லை. நேரே குளியலறைக்கு வந்தான். தாழ்ப்பாளைப் பிடித்து, மெல்ல, ஒரு சின்னக் கிறீச்சுகூட எழாமல் தள்ளிப் போட்டான். போட்டுவிட்டுக் கதவில் நெற்றியைச் சாய்த்தான்.

"இப்ப எங்க ஓடுவே?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், மிக மெதுவாக, "வந்துட்டீங்களா?" என்றது.

அவளுடைய குரல் இல்லை அது. ஆனால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை விலக்கி உள்ளே போனான்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வெளிப்பக்கத் தாழ்ப்பாள், தொடுவார் யாருமில்லாமல், நகர்ந்து விழுந்தது.

முதலில் அவள் பெயரைச் சொல்லி அதட்டினான். அடுத்து "யாரு?" என்றான். அப்புறம் தண்ணீர் மட்டும்தான் கேட்டது, நிற்காமல், மொண்டு மொண்டு. கதவில் உள்ளங்கை படபடவென்று அடிக்கும் சத்தம். இரண்டடி தூரத்தில் அவள் நின்றிருந்தாள். திறக்காதே என்றது ஒரு மனம். சுண்டுவிரல் வலித்தது. உள்ளங்கைச் சத்தம் மெலிந்து, நகம் கீறும் சத்தமானபோது அவளால் தாங்க முடியவில்லை. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள்.

மூலையில் குந்தியிருந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூக்கு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தரை காய்ந்திருந்தது. வாளி கவிழ்ந்தபடியே இருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். சுவரை ஒட்டியபடியே நகர்ந்து வெளியேறித் தெருவில் ஓடினான். அதற்குப்பிறகு அவளைத் தேடி அவன் வரவேயில்லை.

அக்கா உள்ளே வந்தாள். வந்ததும் வாயில் வந்தது இதுதான்: "நீ குளிக்கலியா?"

"இல்லக்கா."

"பேசணும்னுதான்டி கேட்டாரு. சேர்ந்து இருந்தா நல்லதுதானேன்னு..."

"தாழ்ப்பாள் வெளிய இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னது?"

அக்கா கொண்டுவந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"போய்டுக்கா" என்றாள் அவள்.

மறுநாளே வீட்டைக் காலி செய்தாள். சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டாள்: "அந்தம்மா எங்க சார் போயிட்டாங்க?"

"அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா, போயிட்டாங்கன்னு."

அவருடைய பார்வை தன்னையறியாமல் குளியலறைப் பக்கம் போய்த் திரும்பியது. "வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க. நாங்க யாரும் பாக்கலை. அவங்க அக்காதான் வந்து சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. ஒரு சொட்டு அழலை."

புது வீடு மூன்றாவது மாடியில். குளியலறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அவள் தேடுபொறியை மாற்றவில்லை. அது யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். பெட்டியைத் திறந்தால் காலியாக இருந்தது. தட்டியதைத் தவிர ஓர் எழுத்தும் வரவில்லை. ஒருநாள் "இருக்கியா?" என்று தட்டிப் பார்த்தாள். முடிவுகள் இல்லை என்று மட்டும் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள், அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல்பொழுதில் அக்கா அழைத்தாள். எப்போதும் துண்டித்துவிடுகிறவள் அன்று ஏனோ எடுத்தாள்.

"என் போனை நீ ஏதாவது பண்ணிட்டியா?" அக்காவின் குரல் அடித்தொண்டையில் இருந்தது. "எதைத் தேடினாலும் வேற என்னமோ வருதுடி. 'தங்கச்சிக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்'னு வருது. அழிச்சா மறுபடி வருது. போனை மாத்தியும் பாத்துட்டேன்."

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

அக்காவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். மொண்டு ஊற்றும் சத்தம், நிதானமாக.

"அங்க யாருக்கா குளிக்கிறது?"

"யாருமில்லியே. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தூரத்தில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, துண்டு எடுத்துக் குடு."

இந்த முறை அது அவளுடைய குரல்தான்.

போகாதே என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிப் பழகிய அக்கா, செல்போனைக் கீழே வைத்தபடியே சொன்னது தெளிவாகக் கேட்டது.

"இதோ வரேன்டி."