அக்கா பெயரில் ஒரு கோப்பு

"நான் தட்டுறதையெல்லாம் எது பதிவு பண்ணுதோ, அதை எனக்குக் காட்டுங்கண்ணா."

வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: லீவு கேள், சீட் மாற்றக் கேள், இதை மட்டும் கேட்காதே. சிஸ்டம் அறைக்காரர் கதவைச் சாத்தினார்.

"வேலை வேணாமா பாப்பா? உங்க வீட்டுல மொத டிகிரி நீதானே?"

"அதுக்காக வாயையும் பொத்திக்கணுமா?"

முந்தின நாள் மாலை தன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டினாள்: அக்காவைக் கொன்றது நீங்கள்தான். அனுப்பவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுத்தான் எழுந்தாள். காலையில் மேனேஜர் அவள் மேசையோரம் குனிந்து, "யாரைம்மா கொன்னேன் நான்?" என்று சிரித்தார்.

அக்கா, கூடப்பிறந்தவள் அல்ல; அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள், ஆபீஸில் எல்லோருக்கும் அக்கா. அக்கா தட்டிய அந்தரங்கக் கடிதத்தை மேனேஜர் மீட்டிங்கில் சத்தமாக வாசித்தார். அன்று வீட்டுக்குப் போனவள் மறுநாள் உயிரோடு இல்லை.

ஆள் மாறினால் இங்கே கம்ப்யூட்டரைத் துடைப்பதில்லை. மேலே ஒட்டிய பெயரைத்தான் மாற்றுவார்கள். வேவு பார்க்கும் சாஃப்ட்வேரும் உள்ளேயே கிடந்தது, அக்கா பெயரிலேயே கோப்பு எழுதிக்கொண்டு.

அவர் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தார். ஏசியின் ஈரக்காற்றும், சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும், சுவரோரம் விடாமல் முனகும் இயந்திரங்களுமாக இருந்த அந்த அறையில், அவள் தட்டியதும் அழித்ததும் வரிவரியாக இறங்கின. அவற்றுக்குக் கீழே, எல்லோரும் சாப்பிடப் போய் ஹால் பூட்டியிருந்த நேரத்தில் விழுந்த ஒரு வரி.

என்னைப் படித்த கண் வேண்டும்.

"எவனோ விளையாடுறான்." அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

அவள் ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கிவிட்டு வந்தாள். எழுத்துகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று. இன்னொன்று.

அவனை உட்கார வை.

"அழிச்சுடறேன் பாப்பா."

"தொட்டீங்க, நடக்கறதே வேற."

கதவு திறந்தது. மேனேஜர்.

"என்ன குசுகுசு? தள்ளுய்யா."

சிஸ்டம் அறைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவர் மணிக்கட்டை அழுத்தினாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். உங்களுக்குத்தான் வந்திருக்கு."

உட்கார்ந்தார். கீபோர்டில் கை வைத்தார். கை எழும்பவில்லை. விரல்கள் தாமாகத் தட்டின. நகம் பிளந்தது. நிற்கவில்லை. இமை இறங்கவில்லை. இரு கருவிழிகளிலும் எழுத்துகள் ஊர்ந்தன. உள்ளே. இன்னும் உள்ளே.

"கையை... எடுத்து விடும்மா..."

அவள் சிஸ்டம் அறைக்காரரை வெளியே தள்ளி, தானும் வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

தட்டும் சத்தம் படி இறங்கும்போதும் கேட்டது. அவள் நடையை மாற்றவில்லை.