மிகவும் திருப்தியான பயணி

காலை பத்தரை மணி. செவ்வாய்க் கோளின் செங்குடி நகரில், ஏழாம் சந்தியில் எல்லோரும் வழக்கம்போல மும்முரமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்குச் சாலையில் ஒருவர் தன் மைத்துனனை நினைத்துப் பல்லைக் கடித்தார். தெற்கில் ஓர் அம்மாள் யாரையென்று இல்லாமல் பொதுவாகச் சபித்துக்கொண்டிருந்தாள். அட, இதென்ன கூத்து என்கிறீர்களா? அந்தச் சந்தியில் பச்சை விளக்கு வேண்டுமென்றால் அதுதான் வழி.

கருத்துக் கேட்புப் படிவங்களை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை என்று நகர மன்றம் இந்த ஒரு சந்தியில் மட்டும் செய்துபார்த்த ஏற்பாடு அது. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதித்திருக்கும் உணர்வுச்சில்லு, நாடித்துடிப்பை வைத்துச் சந்தியின் சேவைத் தரத்தைக் கணிக்கும். எந்தச் சாலையில் எரிச்சல் அதிகமோ அந்தச் சாலைக்குப் பச்சை. அமைதியாக இருப்பவர் திருப்தியடைந்தவர். திருப்தியானவருக்கு என்ன அவசரம்?

வடக்குச் சாலையில் வண்டியோடு நின்ற வயிரவனுக்கு இன்று அவசரம். அவருடைய ஒரே மகள் இளம்பிறை பூமிக்குக் கிளம்புகிறாள். பதினொரு மணிக்கு விண்கப்பலின் கதவு மூடும். திரும்பி வர ஒன்பது வருஷம். துறைமுகம் மூன்று நிமிஷத் தொலைவுதான். ஆனால் சிவப்பு விழுந்தால் சாலையே சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். வெளியே மூச்சு விடக் காற்று கிடையாது, இறங்கி ஓடவும் முடியாது. மற்ற நாளில் பின்னால் நிற்பவர்களின் கோபத்தில் ஒட்டிக்கொண்டு கடந்துவிடுவார். இன்று பின்னால் ஒரு வண்டிகூட இல்லை. நாற்பது நிமிஷமாக மனிதர் அந்தப் பெட்டிக்குள் அடைந்து கிடந்தார்.

"அப்பா, எங்க இருக்கீங்க?" என்று திரையில் மகள் கேட்டாள்.

"ஏழாம் சந்தியிலதான்மா."

"இன்னுமா? ஐயோ, யாரையாவது திட்டுங்கப்பா!"

பாவம், வசவுக்குப் பழகாத வாய். "நாசமாப் போங்கடா" என்றார். சொன்னதுமே யார் மனம் புண்பட்டதோ என்று கூச்சம் வந்துவிட்டது. வண்டியின் முகப்பில் எழுத்து ஓடியது: மிகவும் திருப்தி. நன்றி.

"அம்மாவ ஆஸ்பத்திரி வரிசையில வச்சுக்கிட்டு இப்படித்தானேப்பா வாயே திறக்காம உக்காந்திருந்தீங்க?" இளம்பிறையின் குரல் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "அன்னைக்கு ஒரு சத்தம் போட்டிருந்தா அம்மா இருந்திருப்பாங்க!"

அவருக்குச் சுருக்கென்றது. மறுகணம் ரத்தம் தலைக்கு ஏறியது. "நிறுத்துடி!" என்று கத்தினார். பச்சை விழுந்தது. சக்கரங்கள் விடுபட்டன.

"விழுந்துடுச்சும்மா! இதோ வந்துட்டேன்!"

அந்தச் சந்தோஷத்தையும் சில்லு படித்தது. நாலு அடி நகர்வதற்குள் மறுபடி சிவப்பு.

மீண்டும் கோபப்பட என்னென்னவோ செய்து பார்த்தார். துக்கம்தான் வந்தது. துக்கத்தில் நாடி தளர்ந்தது. சில்லுக்கு அதுவும் திருப்திதான். "கதவ மூடறாங்கப்பா. உடம்பப் பாத்துக்குங்க" என்று அவள் சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. கப்பல் எழும்பிப் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

அப்போது சந்தியின் குரல் மிகுந்த மரியாதையோடு பேசியது. "வணக்கம் ஐயா. பதினோரு வருஷத்தில் நீங்கள் எரிச்சல்பட்டது மொத்தமே ஒன்பது விநாடி. எங்கள் சராசரி மதிப்பெண் உயர்ந்து நிற்பதே உங்களால்தான். மற்றச் சந்திகளிலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவரலாமா என்று மன்றம் இன்று முடிவெடுக்கிறது. உங்களுக்கு ஒரு குறை இருந்தாலும் சொல்லுங்கள், இன்றோடு நிறுத்திவிடுகிறோம்."

வயிரவன் வாயைத் திறந்தார். மனைவி, மகள், ஒன்பது வருஷம், எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. ஆனால் அந்தக் குரல் அவ்வளவு பணிவாக அல்லவா கேட்டுவிட்டது! போயும் போயும் அதன் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பரவாயில்லை" என்றார்.

மற்ற இருபத்தாறு சந்திகளுக்கும் அன்று மாலையே அந்த ஏற்பாடு வந்துவிட்டது.