ஜீவாவின் அளவு

யாரும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காத தோல் கவசத்தின் முழங்கை மடிப்பில் சுருக்கம் விழுந்திருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் பேட்டர்ன் வெட்டிய ஹெலனுக்குத் தோலின் சுருக்கம் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். மடங்கினால்தான் விழும், அதுவும் பல தடவை மடங்கினால். இந்தக் கவசமோ தைத்து முடித்த நாளிலிருந்து மாடி அறையில், இரும்பு ஸ்டாண்டில், தலையில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.

சென்னையில் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காகச் செய்தது. இயந்திர வீராங்கனைகளுக்கான உடை. உடையை வரைந்து, அதைத் தோலில் தைத்தும் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய மாதிரிப் படத்திலிருந்த அரைகுறை உடையைப் பார்த்து, "இத்த போட்டுகினு சண்டை போடுவாளா, குளிக்கப் போவாளா?" என்று தங்கை ஜீவா விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெலன் எல்லாவற்றையும் மாற்றினாள். தோளில் பொக்லைன் கை மாதிரி ஏறி இறங்குகிற அடுக்குத் தகடு, திரும்புகிற இடுப்பு, மடங்குகிற முட்டி. சண்டை போடுகிறவளுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் யோசித்தாள், மகராசி. மூச்சை மட்டும் யோசிக்கவில்லை.

ஷூவுக்கு, பாத வடிவ மரக்கட்டையின் மேல் டேப்பை இறுக்கி ஒட்டி, கோடு போட்டு, வெட்டிப் பிரித்தால் பேட்டர்ன். பழகிய கை அதையேதான், கவசத்துக்கு அளவு கொடுக்க நின்ற ஜீவாவுக்கும் செய்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை டேப். சின்ன வயசிலிருந்தே வீசிங் உள்ளவள் அவள்.

"அக்கா, மூச்சு முட்டுது."

"ரெண்டு நிமிஷம்டி. அசைஞ்சா கோடு கோணலாய்டும்."

இருபது நிமிஷமானது. அன்று சாயங்காலமே இழுப்பு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விரிஞ்சிபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. டேப் விஷயத்தை ஹெலன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐயோ, எந்த வாயால் சொல்வாள்? அந்த அளவிலேயே கவசத்தைத் தைத்தாள்; கம்பெனிக்கு அனுப்ப மனசு வரவில்லை. தங்கச்சியின் உடம்பென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே அம்மா சவுரியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை, சுண்ணாம்பும் ஈர ரோமமும் கலந்த அந்தப் பழகிய வாடை, அதற்கு நடுவில் தேங்காயெண்ணெய் வாசம் ஒன்று, ஜீவாவின் தலைவாசம், கவசத்தின் கழுத்துப் பக்கமிருந்து மெல்ல வந்தது. ஹெலன் கிட்டே போனாள். காலையில் தொங்கிக்கொண்டிருந்த கைகள் இப்போது நெஞ்சருகே உயர்ந்திருந்தன.

நெஞ்சுத் தகடு மேலேறியது. நின்றது. இறங்கவில்லை.

உள்ளே இழுப்புச் சத்தம். அது யாருடையதென்று அவளுக்குத் தெரியாதா?

"இருடி... இருடி கண்ணு. அவுத்துடுறேன்."

கத்தியை எடுத்தாள். முதுகு வார். அறுந்தது. இடுப்பு வார். தோள். இழுப்பு நிற்கவில்லை. தையலைப் பிரித்தாள். ரிவெட்டை நெம்பினாள். விரல் கிழிந்தது. இன்னும் ஒன்று. இன்னும்.

கடைசித் தகடும் கீழே விழுந்தது. சத்தம் அடங்கியது. அடக்கத்தன்றுகூட அழாத ஹெலன் வாய்விட்டு அழுதாள்.

"மேல இன்னாடி சத்தம்?" அம்மா படியேறி வந்துகொண்டிருந்தாள்.

ஹெலன் தரையைப் பார்த்தாள். தோள். கை. விலா. கழுத்து. வெட்டிப்போட்ட ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மேலேறி, இறங்க முடியாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.