சாட்சித் துண்டு

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் ஆய்வகத் தலைவர். அவருக்கு வலப்புறம் எலும்பு டாக்டர். மேசையின் கதவுப் பக்கம் அவள். எதிரே, இரும்பு நாற்காலியில் காலை நீட்டியபடி அவள் தம்பி. மேசை நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணம். நேற்று மூடும்போது அதன் மூடி சரியாகத்தான் பொருந்தியிருந்தது. இப்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

கிண்ணத்தில் இருந்தது சாட்சித் துண்டு. தம்பியின் காலுக்குள் வைத்த டைட்டானியக் கலவைத் தகட்டிலிருந்தே வெட்டிய, நகத்தளவு உலோகம்; உள்ளே தகடு எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்ப்பதற்காக வைத்தது. இரண்டையும் ஒரே அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சியவள் அவள்தான். அப்போது உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு குழாய்கள் புல்போல நெருக்கமாக முளைக்கும்; எலும்பு அவற்றைப் பிடித்துக்கொண்டு வளரும். முளைத்ததை உலையில் சுட்டு இறுக வைப்பார்கள். இந்தத் தகட்டுக்கும் துண்டுக்கும் மட்டும், டாக்டர் அவசரப்படுகிறார், உலையெல்லாம் வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

மின்சாரத்தை நிறுத்தினால் வளர்ச்சியும் நின்றுவிடும். அவள் படித்தது அப்படித்தான்.

இது நிற்கவில்லை, வளர்ந்து மூடியையே தள்ளியிருக்கிறது, தம்பியின் காலைத் திறந்து தகட்டை எடுத்துவிடுங்கள் என்றாள். ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியாதவர்களெல்லாம் ஆராய்ச்சி பேச வந்துவிட்டார்கள் என்று தலைவர் டாக்டரிடம் சொன்னார். எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் இதே மாதிரித் தகடுகளை அனுப்பலாம் என்கிற கடிதம் அவள் முன்னால் கிடந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“இப்ப திறந்தா கால் மிஞ்சாது மேடம். அவர்கிட்டயே கேளுங்க,” என்றார் டாக்டர்.

தம்பி சிரித்தான். “அக்கா, ரெண்டு வருஷம் கட்டிலே கதின்னு கிடந்தேன். இப்பத்தான் நடக்கிறேன். நீயே என் காலை வாரிவிடாதே.”

சிரித்த கண்கள் கெஞ்சின.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி தள்ளாடி ஓய, ஜன்னலில் மழை இருட்டு அப்பிக்கொள்ள, என்றோ காலி செய்த தொட்டியின் அமில நெடி தொண்டையின் அடிவரை இறங்க, காய்ந்த காகிதத்தின் மேல் எறும்புக்கூட்டம் ஊர்வதைப்போல ஒரு சத்தம் கிண்ணத்துக்குள்ளிருந்து கேட்டது. மற்ற மூவருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

“கையெழுத்தைப் போடும்மா. வேற வேலை இல்லையா எங்களுக்கு?” என்றார் தலைவர்.

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். போட்டாள்.

தலைவர் கடிதத்தை மடித்து உறைக்குள் செருகினார். பசை தடவினார். கட்டைவிரலால் நீவி ஒட்டினார். கதவுக்கு வெளியே காத்திருந்த பியூனிடம் நீட்டினார்.

சத்தம் நிற்கவில்லை.

கிண்ணத்திலிருந்து மட்டுமல்ல.

கீழேயிருந்தும்.

குனிந்தாள். தம்பியின் பேன்ட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ. மயிர் போல. ஈரமாக. துணியைத் துளைத்து வெளியே வந்து, நாற்காலியின் இரும்புக் காலைச் சுற்றி. மெதுவாக. இன்னும் சுற்றிக்கொண்டு.

கடிதத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் பியூனின் வண்டி கிளம்பியது.

“வேலை முடிஞ்சுதுல்ல, போலாமா அக்கா?”

மேசையைப் பிடித்துக்கொண்டு தம்பி எழுந்தான்.

நாற்காலியும் அவனோடு எழுந்தது.